ஊசிக்கும் கஞ்சிக்கும் நடுவில்

ஊசி உள்ளே போய்விட்டது, கஞ்சி போகவில்லை, கஞ்சி போக வேண்டிய குழாயோ சவரிநாதனின் இடது கையில் பிடுங்கிய கொடி மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று கிளாரா மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தே வயசான அவளுக்கு எதையும் வரிசைப்படுத்திச் சொன்னால்தான் பிடிபடும், ஆனால் இன்றைக்கு அந்த வரிசைதானே தப்பிப்போயிற்று. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து உட்காரவைத்திருந்த அவள் புருஷன், ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டவர் மாதிரி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது, எத்தனை நாளைக்குப் பிறகு இந்த முகத்தைக் குழாயில்லாமல் பார்க்கிறோம், நல்ல மூக்கு, கல்யாணத்தன்றைக்குத் தங்கை காதில் சொன்னாளே, மாப்பிள்ளைக்கு மூக்குதான் முதலில் கோயிலுக்குள் வருகிறது என்று. இப்போதா அதை நினைப்பது. கையில் வடிகட்டிய கஞ்சி, பாசிப்பயறும் கோதுமை ரவையும் கேரட்டும் வேகவைத்து அரைத்து, குழாய் அடைத்துக்கொள்ளாமலிருக்க இரண்டு தடவை வடிகட்டி, எவர்சில்வர் டம்ளரில் வெதுவெதுப்பாக இருக்கிறது, அவருக்கும் அதற்கும் ஒரு கை தூரம்தான், ஆனால் வாயில் ஊற்ற முடியாது. பக்கவாதம் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டபோது தொண்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது, ஊற்றினால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும், அதற்காகத்தான் மூக்கு வழியாக வயிறு வரைக்கும் அந்தக் குழாய். சாப்பாடு இல்லாத உடம்புக்குள் இன்சுலின் இறங்கினால் அது இருக்கிற சர்க்கரையைத் தின்றுகொண்டே போகும், தின்று முடித்தபின் ஆளை மயக்கத்தில் தள்ளும், அந்த மயக்கத்திலிருந்து எல்லாரும் எழுந்து வருவதில்லை. அவளே நூறு தடவை அதை வகுப்பு மாதிரி மனப்பாடம் பண்ணியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் கதிரேசன் திரும்பத் திரும்பச் சொன்னது இது ஒன்றைத்தான்: முதலில் குழாய் சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும், போன வேளைக் கஞ்சி இறங்கியிருக்கிறதா பார்க்க வேண்டும், பிறகு கஞ்சி, கஞ்சி இறங்கி நின்றதைப் பார்த்த பிறகு ஊசி, வாயால் சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி முன்னால், இவருக்குப் பின்னால். அவளும் இத்தனை மாதமாக அப்படித்தான் செய்துவந்தாள். இன்றைக்குக் காலையில் கரண்ட் போனது. மிக்ஸி ஓடவில்லை. பயறை மத்தால் மசித்து, வடிகட்டியில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இறக்குவதற்குள் நேரம் தள்ளிப்போயிற்று. மின்விசிறி இல்லாத அறையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, பிளாஸ்திரி ஈரத்தில் நழுவ ஆரம்பித்தது, அந்த இடது கையில் மாட்டியிருந்த துணி உறைக்குள்ளும் வியர்வை என்று அதையும் அவளேதான் கழற்றினாள். மூக்கில் சொருகியதைப் பிடுங்காமலிருக்க நர்ஸ் மும்தாஜ் தைத்துக் கொண்டுவந்த உறை அது, குழந்தைக்குப் போடுகிற கையுறை மாதிரி. கிளாராவுக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. அந்தக் கையை மூட்டை கட்டுவதா. சரி, கழற்றினாய், கழற்றியதோடு நின்றிருக்கலாம், மருந்தளவை ஊசியில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு கஞ்சி ஆறட்டும் என்று நின்ற நேரத்தில் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு ஊதியது. மத்தியானச் சங்கு. அவர் அங்கே வேலையை விட்டு வந்த பிறகு வருஷக்கணக்காக, அந்தச் சங்கு ஊதினால் அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார், அவள் ஊசியைப் போடுவாள், போட்டுவிட்டுத் தட்டை வைப்பாள். சங்கு, சட்டை, ஊசி, தட்டு. இன்றைக்கு அவள் கையிலே ஊசி, காதிலே சங்கு, எதிரே அவருடைய வயிறு. தலை வேண்டாம் என்று சொல்வதற்குள் கை போட்டு முடித்துவிட்டது. வயசான மாடு வண்டிக்காரன் தூங்கினாலும் வீடு வந்து சேருமாமே, அந்த மாதிரிப் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது கை. பரவாயில்லை, உடனே கஞ்சியை ஊற்றிவிட்டால் போயிற்று என்று டம்ளரை எடுக்க அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது குழாய் அவர் கையில்.

டாக்டருக்குப் போன் போட்டபோது, குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் போதுமா என்று ஒரு மூச்சு நேரம் தோன்றியது, ஆனால் வாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, வரிசை தப்பியதையும் சேர்த்து. டாக்டர் திட்டவில்லை. இப்போது சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். நூற்று நாற்பது. கொஞ்சம் நேரம் கையில் இருக்கிறது அம்மா, பயப்படாதீங்க, என்றார், கால் மணிக்கொரு தரம் விரலைக் குத்திப் பாருங்கள், மும்தாஜை இப்போதே அனுப்புகிறேன், எழுபதுக்குக் கீழே போனாலோ, கூப்பிட்டால் கண் திறக்காமல் போனாலோ அவளுக்காகக் காத்திருக்காமல் நூற்றெட்டுக்குக் கூப்பிட்டுவிடுங்கள். பிறகு கொஞ்சம் யோசித்து, தொண்ணூறை ஒட்டி வந்ததென்றால், நிமிர்த்தி உட்காரவைத்து, ஆள் நன்றாக முழித்திருந்தால் மட்டும், சர்க்கரைப் பாகோ தேனோ விரல் நுனியில் தொட்டு ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தடவுங்கள் என்றார். "தடவணும், ஊத்தக் கூடாது. ஒரு சொட்டு உள்ள நழுவினாலும் வேற தொந்தரவு. புரியுதாம்மா?" புரிந்தது. சர்க்கரை டப்பாவைத் தேடிப் பாதி அடுப்படியைக் கலைத்த பிறகுதான் இந்த வீட்டில் சர்க்கரை கிடையாது என்பது ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு நீரிழிவு என்று தெரிந்த மாதத்தோடு சர்க்கரை வாங்குவதை நிறுத்தியவளே அவள்தான், தன் காப்பியையும் கசப்பாகவே குடித்துப் பழகியவள். அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த குளுக்கோஸ் பாக்கெட் ஈரம் கோத்துக் கல்லாகிக் கிடந்தது. மேல்தட்டில், சூரணம் குழைக்க என்று தங்கை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கொல்லிமலைத் தேன் பாட்டில். மூடி இறுகிப்போய்த் திறக்க மாட்டேன் என்றது, முந்தானையைச் சுற்றித் திருகினாள், இறைவா, இதற்கெல்லாம் இவர் இருப்பார், மூடி திறப்பதற்கென்றே ஒரு புருஷன், திறந்துகொண்டது.

கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இனி செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான், அதுதான் அவளுக்கு வராத வேலை. நெற்றி வியர்த்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம் என்று மும்தாஜ் சொல்லிக்கொடுத்திருந்தாள், இப்போது அவர் நெற்றி வியர்த்திருக்கிறது, அவள் நெற்றியும் வியர்த்திருக்கிறது, சுவரில் தொங்குகிற மாதா படம்கூட வியர்த்திருக்கும், எந்த வியர்வையைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது. சூடான வியர்வை புழுக்கம், சில்லென்ற வியர்வை ஆபத்து என்று தோன்றியதும் தன் நெற்றியைத் தொட்டாள், அவர் நெற்றியைத் தொட்டாள், திரும்பத் தன்னுடையதைத் தொட்டாள். ஒன்றுபோலத்தான் இருந்தது. நம்ப முடியவில்லை, மறுபடி தொட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தார், என்ன என்கிற மாதிரி, பேச்சும் போய்விட்டது அவருக்கு, ஆனால் அந்தப் பார்வையில் பழைய கிண்டல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்ன புரொபசர், புதுசாக நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, என்கிற மாதிரி. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட புரொபசர் என்று கூப்பிட்டதுதான் அதிகம். விரலைக் குத்தினாள், நூற்றுப் பதினெட்டு. குத்திய விரலை நீவிவிட்டாள். வேர் நீரை உறிஞ்சுகிறது, தண்டு வழியாக மேலே ஏறுகிறது, இலை சமைக்கிறது என்று எத்தனை பெண்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறாள், இந்த ஆறேழு மாதமாக அவள் வளர்ப்பதும் ஒரு செடியைத்தானே, வாய் இல்லாத, கேட்காத, ஊற்றியதை ஏற்றுக்கொள்கிற செடி என்று ஒருநாள் வாய்க்குள் நினைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். செடிதான் குழாயைப் பிடுங்குமா. அந்தக் கோபத்தில்கூட எங்கேயோ ஒரு சந்தோஷம் துளிர்க்கிறது பாரேன். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு இன்னும் ஒரு கை இருக்கிறது.

அந்தக் கை. ஒர்க்ஷாப்பில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல சக்கரம் பாடும், விரிசல் விட்டது இருமும் என்பார், கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். வலது கையில் சுத்தியல், இடது கை விரலை இரும்பின்மேல் வைத்து அதிர்வைக் கேட்பார், விரலாலேயே கேட்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது, பானை, தேங்காய், புது டம்ளர், எதையும் ஒரு தட்டுத் தட்டாமல் விடமாட்டார். பெண் பார்க்க வந்தபோது அவள் நீட்டிய காப்பி டம்ளரை நகத்தால் சுண்டிப் பார்த்ததை அவளுடைய அப்பா சாகிற வரைக்கும் மறக்கவில்லை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, உன்னையும் தட்டிப் பார்த்துத்தான் கட்டினேன் என்றார். விரிசல் தெரிஞ்சுதா என்று கேட்டாள் இவள். தெரிஞ்சுது, பரவாயில்லைன்னு விட்டுட்டேன் என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அன்றைக்கு முழுக்க அவள் பேசவில்லை, அடுப்படியில் மட்டும் சிரித்துக்கொண்டாள். சாப்பாட்டு ஜெபமும் அவர் பொறுப்பு. கோயிலில் சொல்லிக்கொடுத்த ஜெபத்தையெல்லாம் விட்டுவிட்டு அவராக ஒன்று வைத்திருந்தார்: இருக்கறதுக்கு நன்றி ஆண்டவரே, இல்லாததைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். ஆண்டவர் என்ன உங்கள் ஃபோர்மேனா, மரியாதையாகப் பேசுங்கள் என்று இவள் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பாள், சுளித்துக்கொண்டே ஆமென் சொல்வாள், அவர் தட்டின் விளிம்பை நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார், டங், அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைப்பது. குழாய் வந்த நாளிலிருந்து வீட்டில் அந்த ஜெபம் இல்லை. தட்டே இல்லை, எதைத் தட்டுவது. மிக்ஸியில் அரைத்துக் குழாயில் விடுவதைச் சாப்பாடு என்று அவள் மனம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை, மருந்துக்கு யார் ஜெபம் சொல்வார்கள். சங்கு, சட்டை, ஊசி, தட்டு என்று சற்று முன்னால் வரிசை சொன்னாளே, அதில் நடுவிலே ஜெபம் ஒன்று இருந்ததை விட்டுவிட்டாள், பார்.

தொண்ணூற்று நான்கு. மும்தாஜ் போனில் வந்தாள், ரயில்வே கேட் போட்டிருக்கிறார்கள் அம்மா, சரக்கு வண்டி, நிற்கிறேன், அப்பா பார்க்கறாரா, முழிச்சிருக்காரா, தடவுங்க, மெதுவா தடவுங்க. சரக்கு வண்டி. கதவு போட்ட கேட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டியில் மும்தாஜ் நிற்க, அவளுக்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டிருக்கும் சக்கரங்களில் இவர் தட்டிப் பார்த்தவை எத்தனை இருக்குமோ, ஒழுங்காகத் தட்டிப் பார்த்திருக்கிறார், இல்லாவிட்டால் இந்நேரம் எங்கேயாவது நின்றிருக்கும் வண்டி, வழி விட்டிருக்காது. எதற்கெல்லாம் நன்றி சொல்வது என்று ஒரு கணக்கு உண்டா. தலையணையை நிமிர்த்தினாள், முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஏங்க. என்னைப் பாருங்க. வாயைத் திறங்க, முழுங்கச் சொல்லலை, சும்மா திறங்க." திறந்தார். எத்தனை மாதமாகப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பழகின வாய், ருசி என்று ஒன்றும் எட்டிப் பார்க்காத வாய். சுண்டுவிரல் நுனியில் தேனைத் தொட்டு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு ஓரமாக, நல்லதாக இருக்கிற இடது பக்கத்தில் தடவினாள். மலையில் என்னென்ன பூத்திருக்குமோ, காட்டு வேம்பும் நாவலும் இருக்கும், பேர் சொல்லிக்கொடுத்த பூவெல்லாம் இருக்கும், அவள் ஒன்றையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை, வகுப்பில் காய்ந்த மாதிரிகளைக் காட்டியதோடு சரி, இப்போது அவையெல்லாம் ஈரமாக அவர் ஈறில் இருந்தன. அவர் முகம் மாறியது. முதலில் பயந்துபோனாள், கோணுகிறதோ என்று. இல்லை, கோணலில்லை. கண் அகன்றது, புருவம் இரண்டும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டன, நாக்கு மெதுவாக, இருட்டு அறையில் சுவிட்சைத் தேடும் கை மாதிரி, இடது கன்னத்தை நோக்கி நகர்ந்தது. தேடியது. கண்டுபிடித்தது. இத்தனை வருஷமாக இனிப்பை ஒளித்து வைத்தவள், கல்யாண வீட்டில் லட்டை அவர் இலையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவள், மருந்துக்கடைக்காரன் கொடுத்த மிட்டாயைப் பிடுங்கி வழியில் போன பிள்ளைக்குக் கொடுத்தவள், அவளே தன் விரலால் தேனைத் தொட்டு வைக்கிறாள், இந்தத் தப்பு நடக்காமலிருந்தால் இது நடந்தே இருக்காது. அவர் குரல்வளை முடிச்சு ஏறி இறங்கியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இருமல் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. மறுபடி ஏறி இறங்கியது. இருமவில்லை.

எண்பத்தொன்பது. இறங்கத்தான் இறங்கியது, ஆனால் சறுக்கவில்லை, படியில் கால் வைத்து இறங்குகிற மாதிரி. இன்னொரு விரல் தேன். அவர் இப்போது சொல்லாமலே வாயைத் திறந்தார், அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, போதும், போதும், பேராசைப்படாதீங்க என்று அதட்டினாள், அவளுக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. நூற்றெட்டுக்குக் கூப்பிட்டுவிடலாமா என்று போனை எடுத்தாள், எழுபது இல்லையே என்று வைத்தாள், எழுபது வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பதா என்று எடுத்தாள், அவரைக் கூப்பிட்டாள், ஏங்க, என்றாள், கண் அவளை விட்டு அகலவில்லை, முழிப்பு இருக்கிறது, வைத்தாள். இவர் போய்விட்டால் என்பது அவள் யோசித்துப் பழகிய ஒன்றுதான், தன் கையால் போய்விட்டால் என்பது பழகாதது, அந்த எண்ணம் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி இழுக்க இழுக்கக் கிழிந்தது. அடுத்த தரம் குத்த விரல் தேடியபோது எல்லா விரலும் குத்திக் குத்திக் கறுத்திருந்தன, இடது ஆள்காட்டி விரலை மட்டும் அவள் ஒருநாளும் குத்தினதில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இரும்பைக் கேட்ட விரல் அது. இப்போதும் அதை விட்டுவிட்டு மோதிர விரலைக் குத்தினாள். தொண்ணூற்று இரண்டு. மேலே. மூன்று புள்ளிதான், ஆனால் மேலே. அதே நேரத்தில் தலைக்கு மேல் மின்விசிறி ஒரு முனகல் முனகிச் சுற்ற ஆரம்பித்தது, வியர்வை எல்லாம் சில்லிட்டது, ஐயோ சில்லிடுகிறதே என்று பதறி, பிறகு காற்று என்று புரிந்து, தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

மும்தாஜ் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள், கேட்டுக்காரனைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், அப்பாவைப் பார்த்து, என்ன அப்பா, நான் போட்ட டியூப் அவ்வளவு மோசமா என்று கேட்டாள். கிளாரா வரிசை தப்பினதை மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல எளிதாகிறது இது. "எங்க வீட்ல வாப்பாவுக்கு நானே ரெண்டு தடவை போட்டுட்டேன்மா, போட்டமா இல்லையான்னு சந்தேகம் வந்து" என்றாள் மும்தாஜ் கையைக் கழுவிக்கொண்டே, "அன்னிக்கு நான் பயந்த பயம்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கிளாராவுக்கு அந்தப் பெண்ணின் நனைந்த கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் விழுங்கினதைச் சொன்னாள், இருமவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள். மும்தாஜ் நின்று பார்த்தாள். டாக்டர்கிட்ட சொல்லணும்மா, விழுங்குறதுக்கு டெஸ்ட் ஒண்ணு வைப்பாங்க, இப்பவே ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, ஆனா சொல்லணும், என்றாள். புதுக் குழாய் மூக்கில் ஏறியது, அவர் முகத்தைச் சுளித்தார், கண்ணில் நீர் வந்தது, வயிற்றுக்குள்தான் போயிருக்கிறதா என்று மும்தாஜ் சிரிஞ்சால் இழுத்துப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, தலையாட்டினாள். முதலில் அவள் கொண்டுவந்த குளுக்கோஸ் தண்ணீர். நூற்றைத் தாண்டியது. பிறகு, கஞ்சி எங்கேம்மா, என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் கிடந்த துணி உறையை எடுத்து அவருடைய இடது கையைப் பிடித்தாள். கொஞ்சம் இருக்கட்டும் மும்தாஜ், கஞ்சி இறங்கின பிறகு மாட்டிக்கலாம், என்றாள் கிளாரா.

கஞ்சியைத் திரும்ப வெதுவெதுப்பாக்கி டம்ளரில் கொண்டுவந்தாள். ஊற்றப் போனவள் நின்றாள். அந்த டம்ளரைக் கட்டில் கம்பி ஓரமாக, அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள், மும்தாஜ் எதற்கென்று புரியாமல் பார்த்தாள். அவள் இதுவரைக்கும் சொல்லாத, கேட்டு முகம் மட்டும் சுளித்த வார்த்தைகள், தன் வாயில் எப்படி இருக்குமோ என்று ஒரு கூச்சம் வந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இருக்கறதுக்கு நன்றி ஆண்டவரே. இல்லாததைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்." ஆமென் சொல்லவில்லை, அது அவள் பங்குதான், ஆனாலும் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இடது கை படுக்கைவிரிப்பின்மேல் கொஞ்சம் ஊர்ந்தது, நின்றது, இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது, ஊசிமுனை படாத அந்த ஒரு விரல் மடங்கி, டம்ளரின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டியது. நிறைந்த டம்ளர், சத்தம் சன்னமாகத்தான் வந்தது. கிளாரா அது அடங்குகிற வரைக்கும் கேட்டாள், விரிசலில்லை. ஆமென் என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை ஊற்ற ஆரம்பித்தாள்.